நான்காவது நாற்காலியின் வருமானம்

ஊரடங்கு பத்து மணிக்கு.
ஒன்பதரைக்குள் மாடியேறிவிட வேண்டும்;
ஏறிவிட்டால் விடிகாலை நாலுவரை இறங்க முடியாது.
உலகப் போருக்கு அந்த நேரம் போதாதுதான்.
ஒரு வருஷமாக ஆடியும் இன்னும்
நாற்பத்திரண்டாம் ஆண்டிலேயே இருக்கிறோம்.

மோல்மேன், கீழ் மெயின் ரோடு,
என் மருந்துக்கடையின் மேல்மாடி.
கரண்ட் இல்லை. லாரி பேட்டரியில் ஒரு விளக்கு.
மேஜைக்கு வெளியேயும் தொங்கும் வரைபடம்.
தேயிலை ஊறுகாய் கொட்டியதில்
ஸ்பெயினுக்கு மட்டும் பூண்டு வாசனை.
விதிப்புத்தகம் தொண்ணூறு பக்கம்:
சேறு, பனி, ரப்பர், கடன்,
வாக்குக் கொடுக்க நாலு பக்கம்
மீற ஏழு.

பர்மாவுக்குப் பதினொரு அறுகோணம். வருமானம் ஒன்று.
எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில்
பெயரில்லை, ஒரு நங்கூரம் உண்டு.
அதன்மேல் கப்பலை வைத்தால்
அதுவும் தெரியாது.

நான் இங்கிலாந்து.
கடையில் இன்சுலின் தீர்ந்து மூன்று வாரமான இங்கிலாந்து.
மா நிலார் ஜெர்மனி; பல் டாக்டர்,
பேசிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிடுவாள்.
ஷேக் மஸ்தான் ஜப்பான்.
பகலில் டாலர் மாற்றுகிறவர்,
லுஹருக்கு ஒரு விலை, அஸருக்கு ஒரு விலை.
காசு எண்ணுவதும் அவர்தான்.
திருடுவார். அதையும் சேர்த்தே
நாங்கள் பட்ஜெட் போடுகிறோம்.

நான்காவது நாற்காலி ரஷ்யா.
வீட்டில் வயிரவன், அடையாள அட்டையில் தூரா.
வயது இருபத்தாறு.
பேட்டையில் பெயர்ப்பட்டியல் ஒட்டிய வாரம்
மாஸ்கோவுக்கு இரண்டு பீரங்கி வாங்கிவைத்துவிட்டுப் போனவன்.
எல்லை தாண்டிவிட்டான் என்கிறார்கள்,
தாண்டவில்லை என்றும் சொல்கிறார்கள்.
அவன் அம்மா கடைக்கு வந்தால்
தலைவலி மாத்திரை மட்டும் கேட்பார். பாக்கிச் சில்லறையை
எண்ணிப் பார்க்கமாட்டார்.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது, ஆள்சேர்ப்புக் கட்டம்.
அதன் பெயரை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.
சிப்பாய்களைச் சத்தமில்லாமல் எடுத்துவைக்கிறோம்.

விதி எழுபத்தொன்று:
ஆடுகிறவர் இல்லாத நாடு நடுநிலை நாடு.
வருமானத்தைச் சுற்றுதோறும் வரவு வைக்கவும்.
வைத்தோம். சுற்றுக்கு முப்பது.
முதலில் ஒரு கிண்ணம். பிறகு பிஸ்கட் டின்.
இப்போது அதற்கு மூடி உட்காருவதில்லை.
செலவழிக்க ஆளில்லாத ரஷ்யா
உலகத்திலேயே பணக்கார நாடு.
வந்தானென்றால் ஒரே திருப்பத்தில்
எங்கள் மூவரையும் வாங்கிவிடுவான்.
அந்த டின்னுக்கு எண்ணும்போது மட்டும்
மஸ்தான் இரண்டு தடவை எண்ணுவார்.

போன சனிக்கிழமை ஜெர்மனிக்கு எண்ணெய் தீர்ந்தது.
எண்ணெய் பாகுவில். பாகு அவனுடையது.
"நடுநிலையைத் தாக்கலாம், பக்கம் நாற்பது" என்றாள் நிலார்.
"ஏழு மாசம். இன்னும் எத்தனை நாள்
அவனுக்குச் சம்பளம் போடுவது?"
எட்டு டாங்கிகளை நகர்த்தினாள்.

கீழே ஒரு ஜீப் மெதுவாக வந்தது.
விளக்கைக் கையால் மூடினேன்.
கண்டங்கள்மேலெல்லாம் என் விரல் நிழல்.
அது சந்தையைத் தாண்டும்வரை
யாரும் விழுங்கக்கூட இல்லை.

தற்காப்புக்கு யாராவது பகடை உருட்ட வேண்டும்.
மஸ்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
நான் உருட்டினேன், அவனுக்காக.
ஆறு. ஆறு.
அவளுக்கு விழுந்தது இரண்டும் ஒன்றும்.

டாங்கிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள்.
தோற்றவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
வாயைப் பொத்தினாள்.
பொத்திய கை வெகுநேரம் இறங்கவில்லை.

மஸ்தான் டின்னில் முப்பது போட்டார்.
"ஜெயித்த நாட்டுக்குக் கொள்ளைப்பங்கு" என்று
சட்டைப்பையிலிருந்து இன்னும் நாலு.
அப்படி ஒரு விதி இல்லை.
காலையிலிருந்து என் கணக்கில்
குறைந்துகொண்டிருந்ததும் நாலுதான்.

மணி இரண்டே கால்.
என் முறை.