கரண்டி ஒன்று, ரூபாய் இருபது

காந்தி ரோட்டுப் பின்சந்தில்
எங்கள் லாட்ஜ் பதிவேட்டில்
'வந்த காரணம்' என்றொரு கட்டம்.
மால்டாவிலிருந்து வந்தாலும்
அகர்தலாவிலிருந்து வந்தாலும்
ஒரே சொல்தான் எழுதுவார்கள்: ஆஸ்பத்திரி.
நான் இரவு ஷிப்ட்.
கட்டத்துக்குள் அடங்காததைப்
பழைய பில் புத்தகத்தின் முதுகில் எழுதுகிறவன்.

இருநூற்று ஏழில் ஒரு மீன் வியாபாரி, அவர் மனைவி.
அடுப்பு, குக்கர், இரண்டு தட்டு, ஒரு கரண்டி
வாடகைக்கு எடுத்தார்கள்.
மாடிப்படியெல்லாம் கடுகெண்ணெய் வாசம்.
காட்பாடியிலிருந்து வரும் வழியில் கடந்த பாலாற்றை
இரண்டு கையாலும் அகலமாக வரைந்து
தண்ணீர் எங்கே என்று சைகையில் கேட்டார்.
விரலைத் தரைக்குக் காட்டினேன்.
மணலுக்கடியில்.
சிரித்தார்.
எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

கதையில் அவரைப் பிழைக்க வைத்தேன்.
ரயில் ஏற்றினேன். ஜன்னலோர சீட்டு.
ஒடிசா தாண்டும்போது மழையும் போட்டேன்,
செலவா என்ன.

பேரணாம்பட்டு நிலோஃபர் படித்தாள்.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்,
என்னைவிட நன்றாக எழுதுவாள்.
"தையல் நேரா இருக்கு.
கால் எங்கே?" என்றாள்.
இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில்
அந்தம்மா மட்டும் இறங்கி வந்தார்.
பாத்திரங்களைக் கழுவித் துடைத்திருந்தார்.
லிஸ்ட் பார்த்தேன், அது என் வேலை.
கரண்டி குறைந்தது.
இருபது ரூபாய் என்று சொன்னதும் என் வாய்தான்.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு
விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.
ரசீது.

எழுதித் தா என்று என்னைக் கேட்ட
முதல் ஆள்.

கரண்டி ஒன்று. ரூபாய் இருபது. தேதி. கையெழுத்து.
மேற்கொண்டு ஒரு சொல் வரவில்லை.
இருமுறை படிப்பதுபோல் பார்த்து
மடித்து வைத்துக்கொண்டார், தமிழ் தெரியாதவர்.

பத்து மணிக்கு அறை கூட்டும் செல்வராணி
கரண்டியோடு வந்தாள்.
ரயில் கூடூர் தாண்டியிருக்கும்.
அங்கே மழையா வெயிலா,
தெரியாது. கதையில் மழையை அடித்தேன்.
சீட்டை அடித்தேன். ரயிலையும்.
சிரிப்பில் பேனா நின்றது.

நிலோஃபரைக் கூப்பிட்டேன்.
"இப்ப எழுது" என்றாள்.
இல்லை, அவள் அப்படிச் சொல்லவில்லை,
அது நான் போட்டது.
அவள் கேட்டது இவ்வளவுதான்:
"கரண்டி எங்க கெடந்துச்சு,
தலைமாட்டிலயா, கால்மாட்டிலயா?"

நான் கேட்டுக்கொள்ளவில்லை.
செல்வராணி நாளைக் காலை வருவாள்.