பலகை தொங்கிய ஆணி

பதினோரு நாளைக்கு ஒருமுறை சாகிறது.
கடையநல்லூரிலிருந்து துராப்ஷா கூப்பிடுகிறார்.
"ஏம்மா, துபாயில புறப்படுற டிக்கெட்டுல
நம்மூரு மணி அடிச்சு வருது.
ஒருத்தன் ஒன்றரை மணி பிந்திப் போய் நிக்கான்.
சில நேரம் அடிக்காமலே படுத்துருது."

வண்ணார்பேட்டை, இரவு இரண்டே முக்கால்.
பைபாஸில் ஒரு லாரி கியர் மாற்றுகிறது.
திரையில் செத்த நிரலின் கடைசி வரி,
நீளமாய் ஒரு முகவரி.
அந்த முகவரியில் யாரும் இல்லை.

சூழல் மாறி என்பது
பெயர், சமக்குறி, மதிப்பு. அவ்வளவுதான்.
எத்தனை இழை ஓடினாலும்
எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றே ஒன்று.
ஓர் இழை நேரத்தைத் துபாய் என்று மாற்றும்போதே
இன்னொன்று கொல்கத்தா என்று
பாதி வாசித்திருக்கும்.

பூட்டுப் போட்டேன்.
எழுதும் முன் பூட்டி, எழுதியதும் திறந்து,
வாசிக்கும் முன் பூட்டி, வாசித்ததும் திறந்து.
பன்னிரண்டாம் நாள் உயிரோடு இருந்தது,
எல்லோருக்கும் அல்வா வாங்கினேன்.
பதின்மூன்றாம் நாள் செத்தது.

விடிய முன்னே வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டு.
பாபநாசம் என்று பலகை பார்த்த ஒருவர்
பையை சீட்டில் போட்டுவிட்டு டீக்குப் போகிறார்.
கண்டக்டர் பலகையைக் கழற்றித்
தென்காசி மாட்டுகிறார்.
அவராவது பெயரைப் படித்தார்.
என் நிரல் அதுகூடச் செய்யவில்லை.
பலகை தொங்கும் ஆணியைக் குறித்துக்கொண்டு
பூட்டைத் திறந்து
டீக்குப் போயிருக்கிறது.
திரும்பி வந்தால் ஆணியும் இல்லை.

சரி, பூட்டுக்குள்ளேயே
பெயரைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.
ஆனால் என் பூட்டு என் கதவுக்கு மட்டும்தானே.
தேதி அச்சிடும் யாரோ எழுதிய நூலகம்
கொல்லை வழியாக வந்து போகும்,
என் சாவியைக் கேட்டதே இல்லை.
சி நூலகத்துக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது,
எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் மிதிக்காமலிருக்க.
வாசிக்கிறவன் கையில் இருப்பது
இன்னும் இருக்கிறதா என்று
அது பார்ப்பதில்லை.

மாற்றுகிற வரியையே அழித்தேன்.
முதல் இழை பிறக்கும் முன்
ஒரேயொரு தடவை சொல்லி வைத்தேன்.
அதன்பின் எந்த ஊர் மணி என்பதை
ஒவ்வொரு டிக்கெட்டும்
தன் மடியிலேயே முடிந்துகொண்டு போகட்டும்.
பூட்டுகளைக் கழற்றிப் போட்டபோது
கைவிட்ட மாதிரி இருந்தது கொஞ்சம்.

இன்று இருபத்து மூன்றாம் நாள்.
போன் அடிக்கிறது, துராப்ஷாதான்.
எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.
பில்லில் கடைப் பெயர்
இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வேணுமாம்.