ஊசிக் கோடு

ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
நாற்பத்தோரு பெயரில்
நாற்பதுக்கு நேரே நீல மை காய்ந்துவிட்டது.
மிச்சம் மோகித்.

போன வருஷத்து நூறு சதத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ்
இன்னும் கேட்டில் தொங்குகிறது.
"இவனைப் பத்துக்கு ஏத்துனா
அதைக் கழட்டி நீங்களே மடிச்சு வெச்சுக்கங்க"
தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவன் அம்மா தங்கமணி
ஒரு மணி நேரம் பெர்மிசன் போட்டு வந்திருந்தாள்.
அவிநாசி ரோட்டு பனியன் கம்பெனியில் செக்கிங்.
புருவத்தில் பஞ்சு,
கழுத்துக் கயிற்றில் ட்ரிம்மர்.

இன்னொரு வருஷம் உட்காரட்டும்,
அடிப்படை கெட்டிப்படும் என்றேன்.
பல அம்மாக்களிடம் சொல்லித்
தேய்ந்த வாக்கியம்.

"ஏனுங் டீச்சர்,
நிட்டிங் மிசின்ல ஒரு ஊசி ஒடஞ்சா
துணி நெடுக்கக் கோடு உழுவுமுங்க.
மொத மீட்டர்லயே பாத்து நிறுத்தி
ஊசிய மாத்தோணும்.
ரோலு முடியற வரைக்கும் பாக்காம உட்டுப்போட்டு
அதே ஊசில இன்னொரு ரோலு ஓட்டுனா
கோடு போயிருமுங்களா?"

கோபமில்லை.
தெரியாததைக் கேட்கிற குரல்.

பதில் அங்கே இருப்பதுபோல்
பழைய கோப்பைப் புரட்டினேன்.
இரண்டாம் வகுப்பு அட்டையின் ஓரத்தில்
பென்சிலில் ஒரு வரி:
'ப, ம, ய மூன்றும் ஒன்றாகத் தெரிகிறது இவனுக்கு.
தனியாகக் கவனிக்க.'

கடைசிப் புள்ளியைக் கோடாக இழுக்கிற கை
என்னுடையது.
பதவி உயர்வுக்கு முன்னால்
சுவருக்கு அந்தப்பக்கத் தொடக்கப்பள்ளியில் நான்.
அந்த வருஷம் வாக்காளர் பட்டியல் வேலை.
வெயிலில் வீதி வீதியாய் அலைந்து
செத்தவர் பெயரையெல்லாம் சரியாய் நீக்கினேன்.
உயிரோடிருந்த ஒருவனுக்கு
மூன்று எழுத்து விட்டுப்போயிற்று.

பிறகு ஏழு வருஷம்.
ஏழு பேர் அவனை அடுத்த அறைக்கு நகர்த்தினார்கள்.
அவன் சிரமம் தராத பையன்.
கடைசி பெஞ்சு, நல்ல பழக்கம்,
கரும்பலகையைப் படம்போல் வரைந்துகொள்வான்.

இப்போதும் வேப்பமரத்தடியில் நிற்கிறான்.
பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல்
டிரைவர் முகத்தைப் பார்த்து ஏறுகிறவன்.

"பெயிலுன்னா அவிங்கப்பா கைமடிக்கு உட்டுருவாருங்க.
வாரமானா சம்பளம் வருமில்லீங்க."

பாஸ் போட்டாலும்
அந்த மூன்று எழுத்து அவனுக்குப் பிரியப்போவதில்லை.
இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலைல அனுப்புங்க" என்றேன்.
"லீவுங்களே?"
"ஆமாங்க, லீவு."

அவள் கட்டத்தையே பார்த்தாள்.
பிறகு கடிகாரத்தை.
பெர்மிசன் முடியப் பதினோரு நிமிஷம்.

மேசையில் சிவப்பும் நீலமும் கிடந்தன.
நான் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.