பேச வரணும், பாட வரக் கூடாது

புதன்தோறும் ராமநாதபுரத்தில் பஸ் ஏறி
பாம்பன் சுகாதார நிலையத்தில் இறங்குவேன்.
பையில் பிரஷர் பார்க்கும் கருவி, ஸ்டாப்வாட்ச்,
வராந்தாவை அளக்கத் தையல்காரர் டேப் ஒன்று.

பதினைந்து மீட்டர் வராந்தா.
ஆறு நிமிடம் போய்ப் போய்த் திரும்பணும்.
நம்புத்தாய், நாற்பத்தேழு, சின்னப்பாலம்,
பாசி எடுக்கும் தொழில்,
மதுரையில் வைத்த ஸ்டென்ட்டுக்கு வயது ஏழு வாரம்:
இருநூற்று எண்பத்தைந்து மீட்டர்.
நடுவே ஒருமுறை நின்றது செருப்பு அறுந்ததால்.

சுவர் அட்டையைக் காட்டினேன்.
ஆறு என்றால் சும்மா இருப்பது,
இருபது என்றால் இனி முடியாது.
இப்போது எவ்வளவு சிரமம்? ஒரு நம்பர் சொல்லுங்க.
'ஆறுல ஏன் ஆரம்பிக்குது?'
இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு வரும் என்றேன்.
வராது.
அவள் விழுங்கும் மாத்திரை
நாடியைக் கட்டிப்போட்டிருக்கிறது.
அதையும் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பி வைத்தேன்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம்:
நடக்கையில் பேச வரணும், பாட வரக் கூடாது.
'எனக்கு உக்காந்தாலும் பாட வராதே.'
சண்டை போட வருமா?
'அது வரும்.'

சீட்டில் எழுதினேன்:
மணலில் வேண்டாம், தார் ரோட்டில்.
வெயில் ஏறுமுன்.
வாடை அடிக்கும் மாதங்களில்
முதலில் காற்றுக்கு எதிரே பாம்பன் பக்கம்,
அலுத்தபின் காற்று முதுகைத் தள்ள வீட்டுக்கு.
தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மெல்ல,
முடிவிலும் மெல்ல, சட்டென்று உட்காரக் கூடாது.
நெஞ்சு, தாடை, இடது தோள்,
எங்கே இறுக்கினாலும் நிற்கணும்,
மாத்திரை நாக்குக்கு அடியில்.
குடம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

கடைசி வரியை வாசித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.
மாதத்தில் பன்னிரண்டு நாள்
விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டுக் கட்டி,
மரிக்கொழுந்துப் பாசிக்குப் பாறையடிவரை போகிறவள்.
ஒரு முங்குக்கு ஒரு கைப்பிடி.
அவள் வீட்டு ஓடு, மகளின் நர்சிங் பீஸ்,
எல்லாமே அடக்கிய மூச்சில் வந்தவை.
நான் பேனாவை மூடினேன். வேறென்ன செய்ய.

அடுத்த புதன் கூடவே நடந்தேன்.
காதில் போன். மறுமுனையில் பாசி ஏவாரி துரைச்சிங்கம்.
மாதா கெபி வரை குறையில்லாத தமிழ்:
'அறுவது கிலோ போட்டேன், நாப்பத்திரண்டுக்குக் காசு குடுக்குறீரு,
மிச்சப் பாசி காத்துல பறந்திருச்சா?'
ஐஸ் கம்பெனி தாண்டியதும்
'அறுவது கிலோ... நாப்பத்திரண்டு... மனுசனாய்யா...'
மெல்ல, என்றேன்.
வேகம் குறைந்தது,
வாக்கியத்துக்கு வினைமுற்று திரும்பி வந்தது.
குறித்துக்கொண்டேன்: மிதமான சிரமம்.
எனக்குத்தான் இரைத்தது.
அதை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் வாரம் நானூற்றுப் பத்து மீட்டர்.
துரைச்சிங்கம் பாக்கியில் பாதி கொடுத்திருந்தான்.
'எத்தனை எண்ணுற வரைக்கும் முங்கலாம்?'
என் புத்தகத்தில்
வீடு கூட்ட ஓர் எண் உண்டு, படியேற ஓர் எண்,
புல் வெட்டும் மெஷின் தள்ளக்கூட ஓர் எண்.
மதுரை டாக்டருக்கு எழுதிக் கேட்டேன்.
பத்து நாள் கழித்து ஒற்றை வரி வந்தது:
நல்ல கேள்வி.

அதுவரைக்கும் முங்க வேண்டாம்,
ஒதுங்குகிற பாசியைப் பொறுக்கலாம்,
இடுப்பளவுத் தண்ணீர்வரை போகலாம், என்று எழுதிக் கொடுத்தேன்.
வாசித்தாள், இன்னொரு தடவை வாசித்தாள்.
'யார் இடுப்பு?' என்றாள்,
என்னைவிட ஒரு சாண் உயரமானவள்.