மூன்று நிமிடம்

ஞாயிறு பூசை முடிந்து
குருசுக்குப்பத்து வீட்டில் விந்தாலு கொதிப்பதற்குள்
என் கணவர் எஞ்சினைக் கழற்றிவிடுவார்.
மிளகு அரைக்கும் குப்பி: காற்றை அமுக்குவது.
கவிழ்த்த காப்பி டம்ளர்: எரியறை.
ரொட்டிக் கத்தி, நீளவாக்கில்: தண்டு.

"ஒரே தண்டு, மச்சான், பாத்துக்க.
ஸ்னெக்மாக்காரன் ஒரே தண்டுல எல்லாத்தையும் கோத்தான்.
சாமான் கம்மி, கோளாறும் கம்மி."
ரெனே பாக்கியநாதர், பிரெஞ்சு விமானப்படை,
பதினெட்டு வருடம்
திஜோனில் மிராஜின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தவர்.

மச்சான் என்பது என் தம்பி தனிஸ்லாஸ்.
கடலூர் ஓ.டி.யிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவான்.
இந்திய விமானப்படை, எஞ்சின் பிட்டர்,
சூரத்கர், பிறகு ஆதம்பூர்.
ஓய்வு பெற்று நாலு வருடம் ஆனது
அவன் சட்டைகளிலிருந்து எரிபொருள் வாசம் போக.

"மிக் இருபத்தொண்ணுல ஒரு நிலை இருக்கு, அத்தான்.
ஆஃப்டர்பர்னருக்கு மேல இன்னொரு எரிப்பு.
மூணே நிமிஷம்.
அதுக்கு மேல போனா எஞ்சின் தன்னையே தின்னும்.
அந்த மூணு நிமிஷம்
உங்க ஒத்தைத் தண்டு பின்னால மூச்சு வாங்கிட்டு வரும்."

"உங்க இருபத்தொன்பது புகையுது.
எதிரி கண்ணாடி போடாமலே பாத்துடுவான்."

"புகைஞ்சா என்ன? புழுதியில, பனியில
எங்க விட்டாலும் கிளம்பும்."

"சில நூறு மணிக்கு ஒரு தரம் ஓவர்ஹாலுக்குப் போறது
கிளம்பறது இல்லடா.
பொறந்த வீட்டுக்குப் போறது."

சூடு ஏறினால் அமெரிக்கர்களை இழுப்பார்கள்.
பிராட், ஜெனரல் எலக்ட்ரிக்:
ஒரே விமானத்துக்குச் சம்பந்தம் பேச வந்த இரண்டு வீடு.
ஒரு மாப்பிள்ளை இளவயதில் நடுவானில் மூச்சடைத்தவன்,
பிறகு தேறியவன்.
மற்றவன் அதையே சொல்லிச் சொல்லிச்
சீரில் பாதியை வாங்கிக்கொண்டவன்.
இந்த இடத்தில் மட்டும் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

நான் லிசேயில் கணக்கு நடத்தியவள்.
உந்துவிசையை எடையால் வகுக்க எனக்கும் வரும்.
போன வாரம், காது வலித்து,
பரீட்சைத் தாள் ஒன்றைத் திருப்பி அட்டவணை போட்டேன்.
விசை. எடை. குடிக்கும் எண்ணெய்.
ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் எத்தனை மணி.
கடைசிக் கட்டத்தின் தலைப்பை
இருவரையும் கேட்காமல் எழுதினேன்:
நீங்கள் அனுப்பியவை, திரும்பியவை.

ரெனே யோசிக்காமல் 'சமம்' என்று போட்டார்.
தனிஸ்லாஸ் பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.
"ஒண்ணு குறையும், அக்கா."

படிவத்தில் கையெழுத்து அவனுடையது.
ஓடுபாதையின் கோடியைக்கூட
அந்த விமானம் முழுசாகத் தாண்டவில்லை.
பருந்து என்று விசாரணையில் முடிவானது.
செய்தவன் மேல் குற்றமில்லை, பிட்டர் மேல் குற்றமில்லை.
முதல் அடுக்குத் தகட்டில்
ஒரு இறகு கருகாமல் இருந்ததாம்,
அவனேதான் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தான்.

"பைலட்?"
"குதிச்சுட்டார். முதுகுதான் போச்சு.
கிறிஸ்மஸுக்குத் தவறாம போன் பண்ணுவார்.
பிள்ளைங்க படிப்பு, மழை, முட்டிவலி.
எஞ்சினப் பத்தி மட்டும் பேச மாட்டோம்."

ரெனே மிளகுக் குப்பியை எடுத்தார்,
மறுபடி மிளகுக் குப்பியாக்கி அலமாரியில் வைத்தார்.
ரொட்டிக் கத்தியின் முனை
தம்பி பக்கம் இருந்ததைத் திருப்பினார்.
கடிகாரம் பார்த்தேன்.
மூன்று நிமிடத்துக்கு மேலேயே ஓடியது.
எதுவும் எதையும் தின்னவில்லை.

அப்போது வைத்திக்குப்பம் பக்கம்
ஒரு படகு மோட்டார் இருமியது.
நின்றது. மறுபடி இருமி,
பிடித்துக்கொண்டது.
இரண்டு தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

"யமஹா."
"போங்க அத்தான், சுசுகி."
"சத்தத்தைக் கேளுடா, பிளக் ஈரம்..."
"பிளக் இல்ல, எண்ணெயில தண்ணி."

தாளை மடித்து டம்ளருக்கு அடியில் கொடுத்தேன்.
அந்த இடத்தில் மேசை கொஞ்சம் ஆடும்.

அடிப்பிடிக்கும் வாசத்தை முதலில் மோந்தது தனிஸ்லாஸ்தான்.
சத்தம் போடாமல்,
ரன்வேயில் கை காட்டுவது போல அடுப்படியைக் காட்டி,
"அக்கா," என்றான், "எரியறை."