ஒன்றுக்கு எண்பது

சாயல்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவே
என் பரிசோதனைக் கூடம்.
கூடம் என்பது பலகையில் எழுதியது.
உள்ளே ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, நான்.

ஐப்பசி பிறந்தால் காய்ச்சல்.
இங்கே அதற்கு இரண்டே பெயர்:
டைபாய்டு, இல்லையென்றால் மர்மக் காய்ச்சல்.
முதலாவதற்கு என்னிடம் பாட்டில் இருக்கிறது.
இரண்டாவதற்குப் பத்திரிகைக்காரர்கள்.

நம்புத்தாய் வந்தது எட்டாம் நாள்.
சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிறவள்.
நகக்கண்ணெல்லாம் கரி.
நரம்பு தேட விளக்கைக் கிட்டத்தில் இழுத்தேன்.
வெள்ளை ஓட்டில் அவள் ரத்தநீர் ஒரு சொட்டு,
பாட்டில் மருந்து ஒரு சொட்டு,
தீக்குச்சியால் கலக்கி
ஒரு நிமிடம் ஆட்டினேன்.
திரிந்தது, லேசாக.

ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த
எந்த ரத்தமும் இந்தக் கரையில் கொஞ்சம் திரியும்.
எனக்குத் தெரியும்.
என் ரத்தத்தையே போட்டுப் பார்த்திருக்கிறேன்.
ஒன்றுக்கு எண்பது என்று எழுதினேன்.
டாக்டர் அதை டைபாய்டு என்று வாசித்தார்.
ஒரு வாரம் ஊசி.
காய்ச்சல் ஊசியைக் கண்டுகொள்ளவே இல்லை.

பாவாடை நாடாவுக்குக் கீழே
ஒரு புண் இருந்திருக்கிறது.
வலிக்காது, அரிக்காது,
நாலணா அகலம், நடுவில் கறுப்புப் பொருக்கு.
மூட்டத்துப் பொறி தெறித்தது என்று நினைத்தாளாம்.
"வேற ஏதும் இருக்காம்மா?"
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்.
கரி சுடுகிறவளுக்குத் தீக்காயம் ஒரு சேதியா?
"இல்லைங்க."

மதுரையில், நினைவு தப்பிய பிறகு,
உடம்பு துடைக்கப் புரட்டிய நர்ஸ் பார்த்தது.
புதரில் இருக்கும் பூச்சி, கண்ணுக்கே தெரியாதது.
ஸ்க்ரப் டைபஸ்.
பெயரில்கூடப் பங்காளி.
மாத்திரை ஒன்று ஒரு டீயைவிட மலிவு.
பிழைத்துவிட்டாள். இடது காது மட்டும் திரும்பவில்லை.

அதற்கப்புறம் எல்லாரையும் கேட்கிறேன்:
அக்குளில், இடுப்பில், மறைவில்,
கறுப்பாகப் பொருக்கு ஏதும் உண்டா?
பெண்கள் முறைக்கிறார்கள்.
ஒருத்தியின் புருஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தான்.

தையில் மூக்கையூர் சவேரியடிமை.
படகின் அடித்தட்டில் ஐஸ் அள்ளுகிறவர்.
காய்ச்சல், சிவந்த கண்,
கெண்டைக்காலைத் தொட்டால் அலறல்.
உச்சி முதல் பாதம் வரை பொருக்கைத் தேடினேன்.
இல்லை.
எவ்வளவு நிம்மதி எனக்கு!
ஓட்டில் லேசாகத் திரிந்ததை எழுதாமல்
அந்த நிம்மதியைக் கொடுத்தனுப்பினேன்.
படகில் எலி உண்டா என்று
ராமநாதபுரத்தில்தான் கேட்டார்கள்,
மூத்திரம் நின்ற பிறகு.
அவர் கதையை நான் முழுதாக விசாரிக்கவில்லை.
மூக்கையூர் பஸ்ஸில் இப்போது ஏறுவதுமில்லை.

போன வாரம் நம்புத்தாய் வந்தாள்,
மகளுக்கு ரத்தம் பார்க்க.
பேசினால் வலது காதைத் திருப்புகிறாள்.
ரேஷன் கார்டுக்குள்ளிருந்து
நாலாக மடித்த என் சீட்டை எடுத்தாள்.
"பத்திரமா வச்சுருக்கேன்.
டைபாய்டு வந்த ஒடம்பு, நாளப்பின்ன கேப்பாகள்ல."
அது டைபாய்டு இல்லை என்றேன்.
கேட்கவில்லை.
கறிக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச்
சத்தமாகச் சொன்னேன்.

சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்து,
சிரித்துக்கொண்டே,
"ஒங்க எழுத்துத்தானேண்ணே?" என்றாள்.