கீழே நாற்பத்திரண்டு

செவ்வாய் இரவு, ஓல்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால்
இரண்டாம் மாடியில் பின்னம் படிக்கிறோம்.
நான் மருத்துவமனைச் சலவைக்கூடம், செலாம் வெதுப்பகம்.
ஃப்ளூக்கிகர் சேருக்கு எங்களை விட வயது குறைவு.

‘கூர்ட்சன்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.
‘சுருக்கு’ என்று கொப்பியில் எழுதினேன்.
பாவாடை விளிம்புக்கும் அதே சொல்தானாம்.
மேலுக்குச் செய்வதைக் கீழுக்கும் செய்யுங்கள்,
மதிப்பு மாறாது, என்றார்.

எழுபத்திரண்டில் நாற்பத்தெட்டு.
செலாம் இரண்டால், திரும்பவும் இரண்டால்,
இன்னுமொரு இரண்டால், கடைசியில் மூன்றால்
மாவைத் தட்டித் தட்டி வந்து சேர்ந்தாள்.
எனக்கு ஒரே வெட்டு, இருபத்துநாலு.
எப்படி, என்றாள்.
கட்டில் விரிப்பை இருபத்துநாலாகத்தான் கட்டுவோம்,
மூன்று கட்டு எழுபத்திரண்டு.
உடனே எண்பத்துநாலில் அறுபதைத் தந்து
என்னைச் சோதித்தாள். திணறினேன்.
பன்னிரண்டு, முட்டைத் தட்டு, என்று சிரித்தாள்.

இடைவேளையில் கைப்பைக் கடிதத்தைக் காட்டினேன்.
அதிலும் அந்தச் சொல்.
ஒக்டோபரிலிருந்து வேலைநேரம் சுருக்கப்படும்:
நாற்பத்திரண்டு மணியில் இருபத்தெட்டு.
பதினாலால் போகும், என்றேன். மூன்றில் இரண்டு.

செலாம் தாளைத் திருப்பி
வெற்றுப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.
“மேலே மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.
கீழே?”

கீழே வாடகை.
கீழே ரயில் பாஸ், துவாரகனின் பல்லுக் கம்பி.

சேர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
விற்காமல் மிஞ்சிய பாண் ஒன்றை
செலாம் கையால் பிய்த்தாள்.
சமமில்லை.
பெரியதை என் கொப்பிமேல் வைத்தாள்.